கூரையில் தொடங்கும் குளிர்ச்சி

கோடை பிறந்ததும் குடும்பத்தின் வரவு செலவுக் கணக்கில் மின்கட்டணம் முதலிடத்தைப் பிடித்துவிடுகிறது. வெப்பம் தாங்காமல் குளிர்சாதனக் கருவியைத் தவணையில் வாங்குவோரும் உண்டு. ஆனால், வெப்பம் எந்த வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், அச்செலவின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். உள்ளே வந்த வெப்பத்தை வெளியேற்றுவதைக் காட்டிலும், வராமல் தடுப்பது மலிவானது.

இது வசதியைப் பற்றிய செய்தி மட்டுமன்று. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் அகமதாபாத் நகரின் வெப்பநிலை 46.8 டிகிரி செல்சியஸை எட்டியது. அம்மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 மரணங்கள் கூடுதலாக நிகழ்ந்தன எனப் பின்னர் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. இதன் பின்னர் அந்நகரம் 2013இல் வெப்பத் தடுப்புச் செயல்திட்டத்தை வகுத்தது. எளியோர் வாழும் வீடுகளின் கூரைக்கு வெள்ளை பூசும் பணியும் பிறகு அதில் இணைந்தது. 2023இல் தெலங்கானா அரசு குளிர்கூரைகளுக்கென்றே தனிக் கொள்கையை வெளியிட்டது.

கூரை

பகல் முழுவதும் நேரடி வெயிலைத் தாங்குவது மேற்கூரையே. காங்கிரீட் தளம் வெப்பத்தை மெல்ல உறிஞ்சிப் பல மணி நேரம் கழித்தே உள்ளே விடுகிறது. வெளியே காற்று குளிர்ந்த பின்பும், மேல்தளத்து அறைகள் இரவில் அனலாக இருப்பதற்குக் காரணம் இதுதான். கருமையான பரப்பு வெயிலை ஈர்க்கும். வெண்மையான பரப்பு அதைத் திருப்பி அனுப்பும். எனவே மொட்டைமாடியில் வெள்ளை பூசுவதே குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் முதல் வேலை.

சுண்ணாம்பு மிகவும் மலிவு. ஆயினும் மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பூச வேண்டும். வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் சிறப்புப் பூச்சுகள் விலை கூடியவை. ஆனால் சில ஆண்டுகள் நிலைக்கும். குஜராத்தில் உடைந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகளைத் தளத்தில் பதிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. எந்த முறையானாலும், தூசி படிந்தால் பயன் குறையும். கோடையின் தொடக்கத்தில் தளத்தைக் கழுவிவிடுவது நல்லது. தகரக் கூரை உடைய வீடுகளுக்கு இப்பூச்சு இன்னும் இன்றியமையாதது. சுண்ணாம்பு பூசும்போது கண்களையும் கைகளையும் காத்துக்கொள்ள வேண்டும்.

சன்னல்

காலையில் கிழக்குச் சன்னலும் மாலையில் மேற்குச் சன்னலும் சாய்ந்த வெயிலை நேரே உள்ளே விடுகின்றன. உள்ளே தொங்கும் திரைச்சீலை ஓரளவே உதவும். கண்ணாடியைக் கடந்த வெப்பம் ஏற்கெனவே அறைக்குள் வந்துவிட்டது. மூங்கில் தட்டியையோ நிழல்வலையையோ சன்னலுக்கு வெளியே கட்டினால், வெயில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன்பே தடைபடும்.

காற்று

வெளிக்காற்று அறையைவிடச் சூடாக இருக்கும் பகல் வேளையில் சன்னல்களை மூடி வைக்கவும். மாலைக்குப் பின் காற்று குளிர்ந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவிட்டால், சுவர்களில் தேங்கிய வெப்பம் இரவோடு வெளியேறும்.

ஏர்கூலர் வாங்குமுன் ஊரின் காற்றைக் கவனிக்க வேண்டும். நீர் ஆவியாகும்போது காற்று குளிர்வதே அதன் இயக்கம். ஆகவே நாகபுரி, ஜெய்ப்பூர் போன்ற வறண்ட ஊர்களில் அது சிறப்பாகப் பயன்படும். ஈரம் மிகுந்த மும்பை, சென்னை போன்ற கடலோர ஊர்களில் புழுக்கத்தையே கூட்டும். அதை இயக்கும்போது ஈரக்காற்று வெளியேற ஒரு சன்னல் திறந்திருக்க வேண்டும்.

கருவி

பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்ளும், பி.எல்.டி.சி. வகை ஏறத்தாழ 30 வாட் போதும் என்னும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், ஒரு விசிறியில் மட்டும் மாதம் 20 யூனிட் மிச்சமாகும். யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டால் இது 140 ரூபாய். புதிய விசிறிக்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தாலும், பதினொரு மாதப் பயன்பாட்டில் அத்தொகை திரும்பிவிடும்.

குளிர்சாதனக் கருவி தேவைப்படும் வீடுகளில், அதை 24 டிகிரிக்குக் குறையாமல் வைத்து, உடன் மின்விசிறியையும் இயக்கலாம். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் மதிப்பீடு. பல மாநிலங்களில் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் ஏறுவதால், இந்தச் சேமிப்பின் மதிப்பு இன்னும் பெரிது.

முதியோரும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் ஓர் எச்சரிக்கை தேவை. அறையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால், மின்விசிறி உடலைக் குளிர்விப்பதற்கு மாறாகச் சூடேற்றக்கூடும். அந்நேரத்தில் ஈரத்துணியால் உடலைத் துடைப்பதும், குளிர்ந்த இடத்துக்கு மாற்றுவதுமே பாதுகாப்பு. பேச்சில் குழப்பமோ மயக்கமோ தென்பட்டால், தாமதிக்காமல் மருத்துவ உதவியை நாட வேண்டும்.

ஆகவே செலவின் வரிசை இதுதான்: முதலில் கூரை, அடுத்து சன்னல் நிழல், பிறகு மின்விசிறி, கடைசியில் குளிர்சாதனம். முதல் மூன்றையும் செய்து முடித்த பின்னும் குளிர்சாதனம் வேண்டுமென்றால், சிறிய அளவுக் கருவியே போதுமானதாக இருக்கக்கூடும். அதற்கான தவணையும் மின்கட்டணமும் அந்த அளவுக்குச் சுருங்கும்.