அம்மாவுக்கும் வலிக்கும்

குழந்தை பிறந்த வீடு. உறவினர்கள் வந்து போகிறார்கள். "யாருடைய சாயல்?" என்று கேட்கிறார்கள். "எத்தனை கிலோ?" என்று கேட்கிறார்கள். "பால் குடிக்குதா?" என்று கேட்கிறார்கள்.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

"உனக்கு எங்கே வலிக்குது, மக்களே?"

பாறசாலை, இஞ்சிவிளை, நெய்யாற்றின்கரை பக்கத்து ஊர்களில் உள்ள பல வீடுகளை நினைத்துப் பாருங்கள். குழந்தை பிறந்து நான்கு நாள் ஆகிறது. தாய்க்கு மார்பு கல்லைப் போல இருக்கிறது. காம்பு வெடித்திருக்கிறது. குழந்தை வாய் வைத்தால் உயிர் போகிறது. அவள் பல்லைக் கடித்துக்கொள்கிறாள். கண்ணில் நீர் வருகிறது.

"பிள்ளை அழுதே! பால் போதல்லியோ? ஒரு டப்பாப் பால் வாங்கட்டா?" என்று மாமியார் கேட்கிறார்.

மாமியார் கெட்டவர் அல்ல. பேரப்பிள்ளையின் அழுகை அவரைச் சுடுகிறது. ஆனால் இந்த இடத்தில்தான் தவறு தொடங்குகிறது.

வலி என்று பால் கொடுப்பதைக் குறைத்தால் என்ன ஆகும்? மார்பில் பால் தேங்கும். தேங்கினால் வலி கூடும். டப்பாப் பால் குடித்த குழந்தை தாயிடம் குறைவாகக் குடிக்கும். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் சுரக்கும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் குறையும். கடைசியில் எல்லாரும், "இவளுக்குப் பால் இல்லை" என்பார்கள். பால் இருந்தது. வலிதான் அதைத் தடுத்தது.

ஆகவே தாயின் வலியைத் தீர்ப்பது குழந்தைக்கும் சோறு போடுவது போன்றது. வலிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

காம்பு ஏன் வெடிக்கிறது?

முதல் சில நாள் லேசான கூச்சம் இருக்கலாம். ஆனால் வெடிப்பும் ரத்தமும் இயல்பு அல்ல. குழந்தை சரியாக வாய் வைக்கவில்லை என்பதன் அடையாளம் அது.

காம்பைச் சுற்றிக் கருவட்டம் இருக்கிறது அல்லவா? குழந்தையின் வாய்க்குள் காம்பு மட்டும் போனால் போதாது. கருவட்டத்தின் பெரும்பகுதியும் போக வேண்டும். காம்பை மட்டும் சப்பினால் ஈறுகளுக்கு இடையில் அது நசுங்கும். பாலும் சரியாக வராது.

இப்படிச் செய்யுங்கள்.

குழந்தையின் உடல் முழுவதையும் உங்கள் பக்கம் திருப்புங்கள். அதன் வயிறு உங்கள் வயிற்றைத் தொட வேண்டும். தலை மட்டும் திரும்பியிருக்கக் கூடாது. நீங்கள் கழுத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்துப் பாருங்கள். எவ்வளவு கஷ்டம்! குழந்தைக்கும் அப்படித்தான்.

காம்பினால் குழந்தையின் மேலுதட்டைத் தொடுங்கள். கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறக்கும். அப்போது குழந்தையை மார்பின் பக்கம் கொண்டு வாருங்கள். மார்பைக் குழந்தையிடம் கொண்டு போகாதீர்கள். நீங்கள் குனிந்தால் முதுகும் வலிக்கும்.

சரியாகப் பிடித்திருந்தால் மோவாய் மார்பைத் தொடும். கீழுதடு வெளியே மடிந்திருக்கும். பால் விழுங்கும் சத்தம் கேட்கும்.

வலித்தால் குழந்தையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். அதன் வாயின் ஓரத்தில் சுத்தமான சுண்டுவிரலை நுழையுங்கள். பிடி விடும். மறுபடி வாய் வைக்கச் செய்யுங்கள்.

பால் கொடுத்து முடித்ததும் சில துளிப் பாலைக் காம்பில் தடவுங்கள். காற்றில் உலர விடுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். சோப்பு தோலை வறட்டி வெடிப்பைக் கூட்டும்.

பால் கட்டினால் என்ன செய்வது?

பிறந்த உடனே வருவது சீம்பால். மஞ்சளாக, கெட்டியாக, கொஞ்சமாக இருக்கும். அதுவே முதல் நாளுக்குப் போதும். நோயைத் தடுக்கும் சக்தி அதில் நிறைய இருக்கிறது. அதைப் பீய்ச்சிக் கொட்டக் கூடாது. வயம்பும் பொன்னும் உரைத்துக் கொடுக்க வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். தேனும் வேண்டாம். ஒரு வயது ஆகும்வரை தேன் ஆபத்து.

மூன்றாம் நாள், நான்காம் நாள் பால் பெருகும். மார்பு கனக்கும். சூடாக இருக்கும். கருவட்டம் இறுகிப்போவதால் குழந்தையால் பிடிக்க முடியாது. அப்போது கையால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சுங்கள். கருவட்டம் இளகியதும் குழந்தையை விடுங்கள். கொடுப்பதற்கு முன் சிறிது நேரம் இளஞ்சூட்டுத் துணி வைக்கலாம். கொடுத்த பிறகு குளிர்ந்த ஈரத்துணி வையுங்கள். வீக்கம் குறையும். கட்டியை உடைப்பதாக நினைத்து அழுத்தித் தேய்க்காதீர்கள். அது வீக்கத்தைக் கூட்டும்.

ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் மார்பில் அழற்சி இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள். ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். அந்தப் பால் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது. நிறுத்தினால் சீழ்க்கட்டி ஆகலாம்.

மல்லிகைப் பூவின் வேலை

பால் வற்ற மார்பில் மல்லிகைப் பூக் கட்டும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. இது வெறும் நம்பிக்கையா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். 1988-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. குழந்தையை இழந்த தாய்மார் போன்றவர்களுக்குப் பால் வற்ற வேண்டியிருக்கும். அவர்களுக்குப் பால் குறைய மல்லிகைப் பூ உதவியது.

அப்படியானால் பால் கொடுக்கும் தாய் என்ன செய்ய வேண்டும்? பால் கட்டி வலிக்கிறது என்று மார்பில் பூக் கட்டக் கூடாது. வலியோடு பாலும் போய்விடும்.

அடிவயிறும் தையலும்

பால் கொடுக்கும்போது அடிவயிறு பிடித்து இழுப்பது போல இருக்கும். இரண்டாவது, மூன்றாவது பேற்றில் இது கூடுதலாக இருக்கும். பயப்பட வேண்டாம். குழந்தை சப்பும்போது தாயின் உடலில் ஒரு சுரப்பு உண்டாகிறது. அது கர்ப்பப்பையைச் சுருக்குகிறது. ரத்தப்போக்கும் குறைகிறது. சில நாளில் வலி போய்விடும்.

ஆபரேஷன் செய்த தாய் குழந்தையை வயிற்றின் மேல் வைக்க வேண்டாம். பக்கத்தில் தலையணை வைத்து, குழந்தையைக் கக்கத்தில் இடுக்குவது போலப் பிடித்துப் பால் கொடுக்கலாம். ஒருக்களித்துப் படுத்தும் கொடுக்கலாம்.

வேது போட்டுக் குளிக்கும் வழக்கத்திலும் கவனம் வேண்டும். கொதிக்கிற தண்ணீரை வயிற்றில் வீசி ஊற்றாதீர்கள். ஆபரேஷன் தையல் ஆறும்வரை வேண்டவே வேண்டாம். உடலுக்கு இதமான வெந்நீர் போதும்.

முதுகு, கழுத்து, பெருவிரல்

பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஒரு முறைக்கு அரை மணி என்று கணக்குப் போடுங்கள். 4 முதல் 6 மணி நேரம் ஆகிறது! அவ்வளவு நேரமும் கூனி உட்கார்ந்தால் முதுகு தாங்குமா? பாலராமபுரத்தில் குழித்தறியில் நெய்கிறவர்களைக் கேளுங்கள். குனிந்த வேலையின் வலி அவர்களுக்குத் தெரியும்.

சுவரில் சாய்ந்து உட்காருங்கள். இடுப்புக்குப் பின்னால் ஒரு தலையணை வையுங்கள். மடியில் ஒரு தலையணை வையுங்கள். குழந்தை மார்பின் உயரத்துக்கு வரும். நாற்காலியில் உட்கார்ந்தால் காலுக்குக் கீழே பலகை போடுங்கள். தலையணை இல்லையா? பழைய சேலையை மடித்து வையுங்கள்.

சிலருக்குக் கைப்பெருவிரலின் அடியில், மணிக்கட்டின் பக்கம் வலிக்கும். குழந்தையைத் தூக்கும்போது சுரீர் என்னும். 1895-இல் சுவிட்சர்லாந்து டாக்டர் டி கெர்வெய்ன் இந்த வலியைப் பற்றி எழுதினார். அதனால் அவர் பெயரே இதற்கு வந்தது. இது பச்சைக் குழந்தையைத் தூக்கும் தாய்மாருக்கு அதிகம் வருகிறது.

என்ன காரணம்? பெருவிரலை விரித்து, குழந்தையின் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்குகிறோம். பாரம் முழுவதும் பெருவிரலின் தசைநாரில் விழுகிறது. இதை மாற்றுங்கள். ஒரு கையைத் தலைக்கும் கழுத்துக்கும் கீழே கொடுங்கள். மறு கையைப் பிட்டத்துக்குக் கீழே கொடுங்கள். விரல்கள் சேர்ந்திருக்கட்டும். முறத்தால் அள்ளுவது போல அள்ளுங்கள். வலி நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கொஞ்ச நாள் கட்டுப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

சுமப்பது எப்படி?

தரையில் கிடக்கும் குழந்தையை இடுப்பை வளைத்து எடுக்காதீர்கள். முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். நெஞ்சோடு அணைத்து எழுந்திருங்கள். மூன்று, நான்கு மாதம்வரை குழந்தையின் கழுத்து நிற்காது. அதுவரை ஒக்கலில் வைக்காதீர்கள். கழுத்து நின்ற பிறகும் ஒரே பக்க இடுப்பில் வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள். கையில் குடமும் ஒக்கலில் பிள்ளையுமாக நடக்காதீர்கள்.

எடை குறைந்த குழந்தையைத் தாயின் வெறும் நெஞ்சில் சேர்த்து அணைப்பது நல்லது. கங்காரு தன் குட்டியைப் பையில் வைப்பது போல இது. 1978-இல் கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகரத்து ஆஸ்பத்திரியில் இந்த முறை தொடங்கியது. அங்கே குழந்தைக்குச் சூடு கொடுக்கும் கருவிகள் போதவில்லை. அம்மாவின் நெஞ்சே கருவி ஆனது. இன்று உலகமெங்கும் இது நடக்கிறது. அப்பாவும் இப்படி அணைக்கலாம். அந்த நேரத்தில் அம்மா ஓய்வெடுக்கலாம்.

தாயின் வயிறு

"பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும்" என்று சிலர் தண்ணீரைக் குறைக்கிறார்கள். இது தவறு. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். தையல் வலிக்கும். தலை சுற்றும். பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கட்டும்.

கஞ்சியும் பயறும், முருங்கைக்கீரை, முட்டை, சாளை மீன் எல்லாம் சாப்பிடலாம். பத்தியம் என்று தாயைப் பட்டினி போடாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பேற்றுக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். பேறுகால மருந்து, அரிஷ்டம் கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். அரிஷ்டம் புளிக்கும்போது அதில் சாராயச் சத்து உண்டாகிறது.

எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ரத்தப்போக்கு அதிகமாகிறது.
காய்ச்சல், நடுக்கம் வருகிறது.
போக்கில் நாற்றம் வருகிறது.
ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறது.
நெஞ்சு வலிக்கிறது. மூச்சு முட்டுகிறது.
கடுமையான தலைவலி. கண் மங்குகிறது.
குழந்தை பால் குடிக்க மறுக்கிறது. எழுப்பினாலும் எழவில்லை.
ஐந்தாம் நாளுக்குப் பிறகும் ஒரு நாளில் 6 முறைக்குக் குறைவாக மூத்திரம் போகிறது.

தாய் எந்நேரமும் அழுகிறாள், தூங்குவதில்லை, குழந்தையைப் பார்க்கவே விருப்பமில்லை. இரண்டு வாரம் ஆகியும் இது மாறவில்லை. இதுவும் நோய்தான். "பேய் பிடித்திருக்கு" என்று சொல்லாதீர்கள். மருந்து உண்டு. 14416 என்ற எண்ணில் பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேன் என்று அவள் சொன்னால் ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்ஸ் கேரளத்திலும் உண்டு, தமிழ்நாட்டிலும் உண்டு. பாறசாலையில் தாலுகா ஆஸ்பத்திரி இருக்கிறது. நெய்யாற்றின்கரையில் ஜெனரல் ஆஸ்பத்திரி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் பேறுகாலச் சிகிச்சை இலவசம். 2011 முதல் இதற்கு மத்திய அரசின் திட்டம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் பேச்சு மலையாளத்தில் இருக்கும். நர்ஸ், "பனி உண்டோ?" என்று கேட்டால் மார்கழிப் பனியைக் கேட்கவில்லை. "காய்ச்சல் இருக்கிறதா?" என்று கேட்கிறார். புரியாவிட்டால் வெட்கப்படாமல் திருப்பிக் கேளுங்கள்.

ஆஷா வீட்டுக்கு வருவார். பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் அவர் வர வேண்டும். குழந்தையை மட்டும் காட்டி அனுப்பிவிடாதீர்கள். "எனக்கு இங்கே வலிக்குது அக்கா" என்று சொல்லுங்கள். பால் கொடுப்பதை அவர் முன்னால் கொடுத்துக் காட்டுங்கள். பிடி சரியா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

பால் கொடுக்கத் தாயால்தான் முடியும். மற்ற வேலை எல்லாவற்றையும் மற்றவர்கள் செய்யலாம். கணவர் துணி துவைக்கலாம். குழந்தையை ஏப்பம் விடச் செய்யலாம். மாமியார் ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, "நீ கண்ணை மூடிக்கோ மக்களே" என்று சொல்லலாம்.

அந்த ஒரு மணித் தூக்கம் பெரிய மருந்து.

அடுத்த முறை குழந்தை பார்க்கப் போகும்போது குழந்தையைத் தூக்கும் முன் அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். யாரும் கேட்காத அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் பெற்றவளுக்குத் தண்ணீர் குறைக்கும் வழக்கம் உண்டா? ஏன்?
2. காம்பு வெடித்தால் உங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள்? அது சரியா?
3. ஒரு பொம்மையையோ துணி மூட்டையையோ எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அள்ளித் தூக்கும் முறையைச் செய்து காட்டுங்கள்.
4. உங்கள் ஊர் ஆஷாவின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் இங்கே எழுதுங்கள்.