பட்டாசுச் சத்தமும் வளர்ப்பு விலங்குகளும்

தீபாவளி போன்ற பண்டிகை நாட்களில் வெடிக்கப்படும் பட்டாசுகள் நாய், பூனை முதலிய வளர்ப்பு விலங்குகளுக்குக் கடும் அச்சத்தை உண்டாக்குகின்றன. இது சேட்டையோ பிடிவாதமோ அன்று. ஆபத்து என உணரும்போது உடல் தானாகக் காட்டும் எதிர்வினை. வெடி தொடங்கிய பிறகு இந்த அச்சத்தைத் தணிப்பது கடினம். முன்கூட்டியே ஆயத்தம் செய்தால் பெருமளவு குறைக்கலாம்.

காரணங்கள்

மனிதர்களால் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைக் கேட்க முடியும். நாய்கள் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரையிலும், பூனைகள் சுமார் 64,000 ஹெர்ட்ஸ் வரையிலும் கேட்கும். மெல்லிய ஒலிகளையும் அவை நம்மைவிட நன்றாக உணரும். இந்தியாவில் 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலுக்கு மேல் ஒலி எழுப்பும் வெடிகளுக்குத் தடை உண்டு. எனினும் அனுமதிக்கப்பட்ட வெடியின் சத்தமே விலங்குகளுக்கு மிக அதிகம். சத்தம் எப்போது, எங்கிருந்து வரும் என அறிய முடியாததால் அச்சம் மேலும் கூடுகிறது.

அறிகுறிகள்

* உடல் நடுக்கம், மூச்சிரைப்பு, எச்சில் வடிதல்
* வாலை ஒடுக்கிக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிதல்
* உணவை மறுத்தல், கதவைப் பிறாண்டுதல், வீட்டைவிட்டு ஓடுதல்

முன்னேற்பாடுகள்

சில வாரங்களுக்கு முன்பே, பதிவு செய்த வெடிச்சத்தத்தை மிகக் குறைந்த ஒலியில் ஒலிக்கவிட்டு, பிடித்த தின்பண்டம் கொடுத்துப் பழக்கலாம். விலங்கு அஞ்சாதபோது மட்டுமே ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். கழுத்துப்பட்டையில் உரிமையாளரின் தொலைபேசி எண் இருப்பது அவசியம். தப்பி ஓடிய நாய் வீடு திரும்ப அது உதவும்.

வெடிக்கும் நேரத்தில்

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 மணி வரையும் இரவு 7 முதல் 8 மணி வரையும் பட்டாசு வெடிக்க அனுமதி வழங்கப்பட்டு வருகிறது. ஆனால் நடைமுறையில் முந்தைய நாட்களிலேயே வெடி தொடங்கிவிடும். எனவே நாயை வெளியே அழைத்துச் செல்வதைச் சந்தடி குறைந்த நேரத்தில் முடித்துக்கொள்வது நல்லது. அப்போதும் கயிற்றை அவிழ்த்துவிடக் கூடாது.

வீட்டின் உள் அறையில் பழைய போர்வை விரித்து, சன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையோ தொலைக்காட்சியையோ ஓடவிடலாம். தானாக ஒளிந்துகொண்ட விலங்கை வெளியே இழுக்கக் கூடாது, கட்டிப்போடவும் கூடாது. அருகில் வந்தால் தடவிக்கொடுக்கலாம். ஆறுதல் கூறினால் பயம் வளரும் என்பது தவறான நம்பிக்கை. அதட்டுவதுதான் பயத்தை வளர்க்கும்.

மருந்துகள்

அச்சம் மிகுந்த விலங்குகளுக்குக் கால்நடை மருத்துவர் மருந்து பரிந்துரைப்பார். இதற்காகப் பண்டிகைக்குச் சில நாட்கள் முன்பே அவரை அணுக வேண்டும். மனிதர்களுக்கான மாத்திரைகளைக் கொடுப்பது ஆபத்தானது. குறிப்பாக, பாராசிட்டமால் பூனையின் உயிரையே பறிக்கக்கூடும். சில மயக்க மருந்துகள் அசைவை மட்டுமே குறைக்கும். உள்ளே அச்சம் அப்படியே இருக்கும். ஆகவே அசையாமல் கிடக்கும் விலங்கு அமைதியாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடக் கூடாது.