எச்.ஆர். ரவுண்டுக்கு அப்புறம் எச்.ஆர். என்ன பண்றாங்க?

ஏழாவது செமஸ்டர் வந்துட்டா நமக்கெல்லாம் ரெண்டு பயம். ஒண்ணு ஆப்டிட்யூட் கட்-ஆஃப், இன்னொண்ணு டெக்னிக்கல் ரவுண்ட். எச்.ஆர். ரவுண்டுக்கு மட்டும் யாரும் பயப்படுறதில்லை. "அது சும்மா ஃபார்மாலிட்டி மச்சி, 'டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்' கேப்பாங்க, பெங்களூரு போக ஓகேவான்னு கேப்பாங்க, அவ்ளோதான்" என்று சீனியர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். சரி, அந்தப் பத்து நிமிஷம் முடிஞ்சதும் எதிரே உட்கார்ந்திருந்தவர் வருஷம் முழுக்க என்ன வேலை செய்கிறார்? யோசிச்சிருக்கீங்களா?

நான் யோசிக்க ரெண்டு காரணம் இருக்கு. பிளேஸ்மென்ட் செல்லில் நான் வாலன்டியர். கம்பெனி டீம் வரும்போது ரூம், புரொஜெக்டர், டீ எல்லாம் பார்த்துக்கிறது என் வேலை. அடுத்து, என் பெரியம்மா மகள் ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருஷமா எச்.ஆர். வேலையில் இருக்காங்க. இந்தக் கட்டுரைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அக்காவைக் கேள்வி கேட்டே ஒரு வழி பண்ணிட்டேன். அவங்க சொன்னது, நான் படிச்சது ரெண்டையும் சேர்த்துத் தர்றேன்.

மேஸ்திரி காலத்துக் கதை

எச்.ஆர். என்பது ஐ.டி. கம்பெனிகளோடு வந்த வேலைன்னு நான் நினைச்சிருந்தேன். கதை அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிக்குது. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்திய மில்களில் ஆள் எடுத்தது முதலாளி இல்லை, மேஸ்திரி. யாருக்கு வேலை, யாருக்கு லீவு, யாரை வீட்டுக்கு அனுப்பணும் எல்லாமே அவர் கையில். வேலை வேணும்னா அவருக்கு மாமூல் கொடுக்கணும். வேலை நிலைக்கணும்னா தொடர்ந்து கொடுக்கணும்.

தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் விட்லி கமிஷன் அமைக்கப்பட்டது. 1931-இல் வந்த அதன் அறிக்கை, ஆள் எடுக்கும் அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து, அதற்கென்று தனியாக லேபர் ஆபீசர்களை நியமிக்கச் சொன்னது. அதாவது, வேலைக்கு லஞ்சம் வாங்குவதை நிறுத்தத்தான் இந்தப் பதவியே வந்தது!

இன்னொரு பக்கம் தொழிலாளர்களே அமைப்பாகத் திரண்டார்கள். 1918-இல் சென்னை பெரம்பூரில் பின்னி மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய மெட்ராஸ் லேபர் யூனியன், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் துணை நின்றவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1948 தொழிற்சாலைகள் சட்டம், 500 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் நல அலுவலர் இருக்கணும் என்றது. 1970-களில் பேராசிரியர்கள் உதய் பாரீக், டி.வி. ராவ் இருவரின் யோசனைப்படி எல் அண்ட் டி நிறுவனம் 'மனிதவள மேம்பாடு' என்ற பெயரில் தனித் துறை தொடங்கியது. லேபர் ஆபீசர், பர்சனல் மேனேஜர், எச்.ஆர். என்று பெயர் மாறிக்கிட்டே வந்திருக்கு. நம்ம சென்னையில் 1952-லிருந்து இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கில் இன்றைக்கும் எச்.ஆர். பாடம் இருக்கு. சமூகப்பணிக் கல்லூரியில் எச்.ஆரா என்று இனி ஆச்சரியப்பட வேண்டாம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

அக்காவின் நாள் காலை 9 மணிக்கு மெயிலோடு ஆரம்பிக்குது. ஒரு மேனேஜர் "எனக்கு மூணு ஜாவா ஆள் வேணும், நேத்தே வேணும்" என்பார். அதுக்கு ஜே.டி. எழுதணும், வந்து குவியும் ரெஸ்யூமைப் பிரிக்கணும், இன்டர்வியூ எடுக்கிறவரும் கொடுக்கிறவரும் ஒரே நேரத்தில் ஃப்ரீயாக இருக்கும் அந்த அபூர்வமான அரை மணி நேரத்தைக் கண்டுபிடிக்கணும். ஆள் தேர்வானால் சம்பளம் பேசணும், ஆஃபர் லெட்டர் அனுப்பணும், சர்டிஃபிகேட் சரிபார்க்கணும், சேருற நாளில் லேப்டாப்பும் ஐடி கார்டும் ரெடியா இருக்கணும்.

ஒவ்வொரு மாசமும் 20 தேதி தாண்டினால் பேரோல் காய்ச்சல். யார் லீவு போட்டது, யார் புதுசா சேர்ந்தது, யார் ராஜினாமா கொடுத்தது எல்லாம் கணக்கில் ஏறணும். ஒரு எண் தப்பினால் முதல் தேதி காலையில் ஒருத்தருடைய இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகும். "நான் டைப் பண்றது எக்ஸெல் நம்பர் இல்லடா, ஒரு வீட்டோட மளிகை லிஸ்ட்"னு அக்கா சொன்னாங்க.

இதுக்கு நடுவில் திடீர்னு ஒரு போன் வரும். ஊழியர் ஒருவரின் அப்பா ஐ.சி.யு.வில். இன்ஷூரன்ஸ் கார்டு எங்கே, எந்த ஆஸ்பத்திரியில் பணம் கட்டாமல் சேர்க்கலாம் என்று கேட்பாங்க. அன்னைக்கு மத்த எல்லா வேலையும் நின்னுடும்.

சி.டி.சி. வேற, கைக்கு வர்றது வேற

நமக்கு ரொம்பத் தேவையான விஷயம் இது. "4.2 லட்சம் பேக்கேஜ்" என்றால் மாசம் 35,000 வரும்னு வீட்டில் சொல்லிடுறோம். முதல் சம்பளம் வந்ததும் "எங்கேப்பா மீதி?"ன்னு அம்மா கேட்பாங்க. ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம்.

மாசம் 35,000. இதில் பேஸிக் பாதி, அதாவது 17,500 என்று வைத்துக்கொள்வோம். பேக்கேஜில் 10 சதவீதம் வேரியபிள் என்றால் 3,500 ரூபாய் மாசாமாசம் வராது. நிறுவனத்தின் லாபத்தையும் நம்ம ரேட்டிங்கையும் பார்த்துப் பின்னால் வரும், குறையவும் செய்யலாம். நிறுவனம் நமக்காகக் கட்டும் பி.எஃப். பங்கும் சி.டி.சி.க்குள்ளேயே இருக்கும். 15,000 ரூபாய் வரம்பை வைத்து 12 சதவீதம் கணக்கிட்டால் அது 1,800. கிராஜுவிட்டிக்கு பேஸிக்கில் 4.81 சதவீதம், சுமார் 840. இதையெல்லாம் கழித்தால் மொத்தச் சம்பளம் 28,860. அதிலிருந்து நம்ம பங்கு பி.எஃப். 1,800 போகும். தொழில் வரி வருஷத்துக்கு அதிகபட்சம் 2,500, மாசத்துக்கு இருநூறு சொச்சம். கடைசியில் கைக்கு வருவது சுமார் 26,850.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பி.எஃப். நம்ம பணம்தான், 12 இலக்க யு.ஏ.என். எண்ணில் சேரும். வேலை மாறினாலும் அதே எண்தான். புது எண் வாங்கிக் குழப்பிக்காதீங்க. கிராஜுவிட்டி கதை வேற: நிரந்தர வேலையில் பொதுவாக 5 வருஷம் தொடர்ந்து இருந்தால்தான் கிடைக்கும். ரெண்டு வருஷத்தில் வேலை மாறப் போறவங்களுக்கு அந்த 840 பேப்பரில் மட்டும்தான். ரெண்டு ஆஃபர் கையில் இருந்தால் சி.டி.சி.யை ஒப்பிடாதீங்க, மாசாமாசம் நிச்சயமாக வருவதை ஒப்பிடுங்க.

நடுவில் நிற்கிறவங்க

"எச்.ஆர். நம்ம ஃப்ரெண்டா, கம்பெனி ஆளா?" என்று அக்காவிடம் நேராகவே கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துட்டு, "சம்பளம் கம்பெனி கொடுக்குது. அதனால கம்பெனி ஆள்தான். ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதை மீறாம பார்த்துக்கிறதும் என் வேலைதான். அங்கேதான் ஊழியருக்கு நான் உதவ முடியும்"னு சொன்னாங்க.

அதுக்கு நல்ல உதாரணம், பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-இல் வந்த சட்டம். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் உள்ளகக் குழு இருக்கணும். தலைவர் பெண்ணாக இருக்கணும், உறுப்பினர்களில் குறைந்தது பாதிப் பேர் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர் கட்டாயம். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கணும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். விசாரணையை 90 நாளில் முடிக்கணும். இன்டர்ன்ஷிப் போகும் தோழிகளே, டிரெய்னிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். "நான் பர்மனென்ட் இல்லையே"ன்னு பேசாம இருந்துடாதீங்க.

அக்காவுக்கு ரொம்பக் கஷ்டமான நாள் எதுன்னு கேட்டேன். ஆட்குறைப்பு நாள். முந்தின வாரம் யாருக்கு பர்த்டே கேக் வாங்கினாங்களோ, அவருக்கே லெட்டர் கொடுக்கணும். முடிவு வேற எங்கேயோ எடுத்தது, முகம் மட்டும் எச்.ஆருடையது. அன்னைக்கு ராத்திரி இவங்க மத்த கம்பெனி எச்.ஆர். நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் "நல்ல டெஸ்டர் நாலு பேர் இருக்காங்க, எங்கேயாவது இடம் இருக்கா?"ன்னு கேட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கு அந்த வழியிலேயே வேலை கிடைச்சிருக்கு.

நெட்வொர்க் என்றால் என்ன?

இந்த வாட்ஸ்அப் குரூப்தான் நெட்வொர்க். தேசிய அளவில் என்.ஐ.பி.எம்., என்.எச்.ஆர்.டி. நெட்வொர்க் மாதிரி அமைப்புகளும் எச்.ஆர். ஆட்களுக்கு இருக்கு, அதன் சென்னைக் கூட்டங்களுக்கு அக்கா போவதுண்டு. புதுச் சட்டம் வந்தால் அர்த்தம் கேட்கவும், ஆள் கிடைக்காதபோது விசாரிக்கவும் அந்தப் பழக்கம்தான் உதவுது.

நமக்கு இது எதுக்கு? 1973-இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு புகழ்பெற்ற ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம் "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான். மற்றவர்கள் எப்போதாவது, அல்லது அபூர்வமாகப் பார்ப்பவர்கள். காரணம் சிம்பிள். நம்ம ரூம்மேட்டுக்குத் தெரிஞ்சது நமக்கும் தெரியும். கொஞ்சம் தூரத்தில் இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாத செய்தி தெரியும். 2022-இல் 2 கோடிக்கும் மேற்பட்ட லிங்க்ட்இன் பயனர்களை வைத்து வந்த ஆய்வும், ஓரளவு மட்டும் பழக்கமுள்ளவர்கள்தான் வேலை மாற அதிகம் உதவுகிறார்கள் என்று காட்டியது.

இங்கேதான் ஒரு அநியாயமும் இருக்கு. முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுத்துச் சேர்ந்தவங்க நம்ம வகுப்பிலேயே எத்தனை பேர்! அவங்க வீட்டில் யாருக்கும் எந்த கம்பெனியிலும் மாமாவோ சித்தப்பாவோ கிடையாது. ரெஃபரல் வழியா வந்த ரெஸ்யூமை எச்.ஆர். முதலில் திறந்து பார்ப்பாங்க என்பது நிஜம். அப்போ மாமா இல்லாதவங்க என்ன பண்றது?

காலேஜ் சீனியர்தான் அந்த மாமா. சும்மா "அண்ணா ரெஃபர் பண்ணுங்க" என்று ஒரு வரி அனுப்பினால் பதில் வராது. "வணக்கம் அண்ணா, நான் ஈ.சி.இ. ஃபைனல் இயர். உங்க கம்பெனியில் இந்த எண்ணுள்ள வேலைக்கு அப்ளை பண்றேன். எம்பெடட் சி-யில் இந்த புராஜெக்ட் பண்ணியிருக்கேன், ரெஸ்யூம் இணைச்சிருக்கேன். பொருத்தமா இருந்தா ரெஃபர் பண்ண முடியுமா?" என்று அனுப்புங்க. வேலை கிடைச்சாலும் கிடைக்காட்டியும் ஒரு நன்றி மெசேஜ் போடுங்க. பலரும் அதை மறந்துடுறாங்கன்னு அக்கா சொன்னாங்க.

மழை வந்தால் தெரியும்

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் கரண்ட் இல்லை, நெட்வொர்க் இல்லை. அக்காவின் டீம் நாலு பேரும் ஊழியர் லிஸ்ட்டைப் பிரிச்சு ஒவ்வொருத்தருக்கா போன் போட்டாங்க. போன் எடுக்காதவங்களுக்கு எமர்ஜென்சி நம்பர், அதுவும் இல்லைன்னா பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு ஊழியர். ஒரு கர்ப்பிணி ஊழியரை மொட்டை மாடியிலிருந்து படகில் கொண்டு வர, அதே ஏரியாவில் இருந்த செக்யூரிட்டி அண்ணன்தான் வழி சொன்னாராம். அவர் நம்பர் அக்காவிடம் இருந்ததுக்குக் காரணம், தினமும் வாசலில் நின்று ரெண்டு வார்த்தை பேசுற பழக்கம்.

திரும்பி வந்த மேஸ்திரி

இதை மட்டும் எல்லோரும் படிங்க. "பேக்டோர்ல வேலை, ரெண்டு லட்சம் கட்டுங்க, ஆஃபர் லெட்டர் நிச்சயம்" என்று ஒரு கன்சல்டன்சி சொன்னதை நம்பி, எனக்குத் தெரிந்த ஒரு சீனியரின் வீட்டில் நகையை அடகு வைத்தார்கள். லோகோவோடு லெட்டர் வந்தது. சேரும் தேதியில் போய் நின்றால், அந்தப் பெயரே லிஸ்ட்டில் இல்லை. போன் ஸ்விட்ச் ஆஃப். இன்று வரை பணம் திரும்பவில்லை.

மேஸ்திரி போய்விட்டார் என்று பார்த்தால், வாட்ஸ்அப்பில் திரும்பி வந்திருக்கிறார். முறையான எந்த எச்.ஆரும் வேலைக்காகப் பணம் கேட்க மாட்டார். 'ரீஃபண்டபிள் டெபாசிட்', 'லேப்டாப் சார்ஜ்' என்று எந்தப் பெயரிலும் கேட்க மாட்டார். மெயில் கம்பெனியின் சொந்த டொமைனிலிருந்து வந்ததா பாருங்க. சந்தேகமா இருந்தா கம்பெனி வெப்சைட்டில் இருக்கும் முகவரிக்கு எழுதிக் கேளுங்க. பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க, அது சைபர் குற்ற உதவி எண்.

கடைசியாக, எச்.ஆர். ரவுண்டில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கா?" என்றால் "நோ சார்" சொல்லி எழுந்துடாதீங்க. சி.டி.சி.யில் வேரியபிள் எவ்வளவு, பாண்ட் உண்டா, அதை உடைத்தால் எவ்வளவு கட்டணும், சேரும் தேதி தள்ளிப்போனால் எப்போது சொல்வீர்கள் — இந்த நாலையும் மரியாதையாகக் கேளுங்க. ரெண்டு ஆஃபர் இருந்து ஒன்றை விடுவதாக இருந்தால், முன்கூட்டியே ஒரு மெயில் போடுங்க. நாம் சொல்லாமல் காணாமல் போனால், அடுத்த வருஷம் அந்த கம்பெனி நம்ம ஜூனியர்களைப் பார்க்க வராமல் போகலாம்.

முன்னாள் மாணவர்கள் எந்தெந்த ஊரில், எந்தெந்த வேலையில் இருக்காங்க என்ற லிஸ்ட் பிளேஸ்மென்ட் செல் ரூமில் இருக்கு. வீட்டில் மாமா இல்லாதவங்க முதல்ல வாங்க. மெசேஜ் எப்படி எழுதணும்னு சேர்ந்து உட்கார்ந்து எழுதலாம்.