காலையில் தட்டும் இன்ஜின்: பிரிக்கும் முன் பாருங்கள்!

காய்கறியோடு சந்தைக்குப் போய்வரும் பழைய டீசல் கார், காலையில் சாவியைத் திருகியதும் 'டக் டக்' என்று தட்டுகிறதா? இன்ஜினைப் பிரிக்க உடனே சம்மதிக்க வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன், வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஆயில் குச்சியைப் பாருங்கள். அளவு சரியாக இருந்து, சத்தம் 2, 3 விநாடியில் அடங்கிவிட்டால், பெரும்பாலும் இரவில் ஃபில்டரிலிருந்து ஆயில் வடிந்திருக்கும். தடுப்பு வால்வு உள்ள நல்ல ஃபில்டர் போடுங்கள். இதில் மலிவு பார்க்கக் கூடாது. வெள்ளைப் புகையோடு தட்டினால் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். இன்ஜின் சூடேறியதும் மறைந்தால் பிஸ்டன் தேய்மானமாக இருக்கலாம், அவசரமில்லை.

அடியிலிருந்து கனத்த சத்தம் வந்து, பாரத்தில் கூடினால் பேரிங் மீதுதான் சந்தேகம். ஆயில் விளக்கும் அணையாவிட்டால் அங்கேயே நிறுத்தி, கயிறு கட்டி இழுத்துப் போங்கள். ஓட்டிப் போனால், பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு கிராங்க் ஷாஃப்ட் வரை போகும்.