மாதக் காசும் மொத்தக் காசும்

அஸ்வெசும காசு வங்கிக்கு வந்ததும் யாழ்ப்பாணக் கிராமங்களில் பல வீடுகளில் முதலில் அடைபடுவது கடைக் கொப்பியில் ஏறிக் கிடக்கும் கடன்தான். பிறகு அரிசி, மா, பிள்ளையின் ரியூசன் காசு. மிச்சம் இருந்தால் சீட்டு. சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023இல் வந்த இந்த அரச உதவித் திட்டம், குடும்பங்களை வறுமை நிலைப்படி நான்காக வகுத்து மாதம் 2,500 முதல் 15,000 ரூபாய் வரை கொடுத்தது. மிக வறிய குடும்பத்துக்கான தொகை 2025 ஜனவரியில் 17,500 ஆனது.

சும்மா கொடுக்கும் காசு சாராயக் கடைக்குத்தான் போகும் என்ற பேச்சு ஓய்ந்தபாடில்லை. டேவிட் எவன்ஸ், அன்னா பொபோவா என்ற ஆய்வாளர்கள் பல நாடுகளில் நடந்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். காசு கிடைத்ததால் மதுவுக்கும் புகையிலைக்கும் செலவு கூடியதற்குச் சான்று அகப்படவில்லை.

அப்படியானால் காசு எங்கே போகிறது? இலங்கையிலேயே இதை அளந்திருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் 2005இல் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் இடியப்பம் அவிப்பவர்கள், தைப்பவர்கள், சைக்கிள் திருத்துபவர்கள் போன்ற சிறுதொழிலாளரைத் தேர்ந்தார்கள். 10,000 அல்லது 20,000 ரூபாய் யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானித்தது. ஆகவே பின்னால் தெரிந்த வித்தியாசம் ஒருவரின் கெட்டித்தனத்தாலோ செல்வாக்காலோ வந்ததல்ல, காசால் வந்தது என்று துணிந்து சொல்லலாம். போட்ட முதல், மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் ஈட்டியது. வங்கி வட்டியைவிட இது மிக அதிகம்.

ஆனால் இந்த இலாபம் ஆண்களின் தொழிலில்தான் தெரிந்தது. பெண்களின் தொழிலில் தெரியவில்லை. ரோகிணி பாண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் அதே தரவுகளை இந்திய, கானா தரவுகளோடு சேர்த்து மீண்டும் கிண்டினார்கள். பெண்ணின் பெயரில் வந்த முதல், கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் பெண் மட்டுமே தொழில் செய்த இடங்களில் அவளுடைய இலாபமும் நன்றாகவே ஏறியது. போரில் கணவனை இழந்த, பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் நிறைந்த வடக்குக்கு இது சின்னச் செய்தியல்ல.

அடுத்த கேள்வி, காசை எப்படிக் கொடுப்பது? கென்யாவில் ஹவுஸ்ஹோஃபர், ஷப்பீரோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் சில வீடுகளுக்கு மாதா மாதமும் சில வீடுகளுக்கு ஒரே தடவையிலும் கொடுத்துப் பார்த்தார்கள். மாதக் காசு சாப்பாட்டை உறுதிப்படுத்தியது. மொத்தக் காசு கூரைத் தகரம் போன்ற நிலைத்த பொருள்களாக மாறியது. சிறுகச் சேர்த்துப் பெருந்தொகையாக்குவது ஏழை வீட்டுக்கு எவ்வளவு கடினம் என்பதையே இது காட்டுகிறது.

பெருந்தொகை என்ன செய்யும் என்பதை வடக்கும் கண்டது. 2012இல் விரிவடைந்த இந்திய வீட்டுத் திட்டத்தில் புது வீட்டுக்கான 550,000 ரூபாய், அத்திவாரம், சுவர், கூரை என வேலை நகர நகர வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைப் பிடித்ததும் சீமெந்துக்கு விலை பேசியதும் அவர்களே.

தொழிலுக்கு அப்படியொரு தொகை வேண்டியவர்களைப் பிடித்துக்கொண்டது நுண்கடன். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்ற தவணைக்காரருக்குக் கட்ட, இன்னோர் இடத்தில் கடன் வாங்கியவர்கள் பலர். 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் வரையான கடன்களுக்கு அரசு நிவாரணம் அறிவித்து, வட்டிக்கு 35 சதவீத உச்சவரம்பும் வைத்தது. வட்டியில்லாத வழியாகச் சீட்டு ஊரிலேயே உண்டு: பத்துப் பெண்கள் மாதம் 2,000 ரூபாய் போட்டால் ஒருத்தி கைக்கு 20,000 வரும். ஆனால் கடைசிச் சீட்டுக்காரி பத்து மாதம் காத்திருக்க வேண்டும்.

அஸ்வெசுமவே அந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம். மாதம் 10,000 பெறும் குடும்பம் விரும்பினால், பாதியை அடுப்பெரிய மாதக் காசாக எடுத்துக்கொண்டு, மற்றப் பாதியின் ஓராண்டுத் தொகையான 60,000ஐ முற்பணமாகப் பெறட்டும். அரசு கொடுக்கும் மொத்தத் தொகை கூடாது. கொடுக்கும் காலம் மட்டுமே மாறும். முதலில் ஓரிரு பிரதேச செயலர் பிரிவுகளில் குலுக்கல் முறையில் பரீட்சித்துப் பார்த்தால், காலியில் கிடைத்ததுபோல ஒரு தெளிவான பதில் சங்கானைக்கும் மருதங்கேணிக்கும் கிடைக்கும்.