பொருள்களின் கதை – 17: பிளாஸ்டிக்குக்குள் புகுந்த வெள்ளீயம்

பாலிஅசிட்டிலீன் என்ற பிளாஸ்டிக்கைச் சென்ற வாரம் பார்த்தோம். ஹீகர், மெக்டயார்மிட், ஷிரகாவா மூவரும் 1977-இல் அதில் அயோடினைச் சேர்த்து மின்சாரம் பாய வைத்தார்கள். 2000-இல் நோபல் பரிசும் வந்தது. ஆனால் அந்தப் பொருள் காற்றுப் பட்டாலே கெட்டுவிடும். வெயிலும் சூடும் தாங்கும் சாதாரண பிளாஸ்டிக்கையே மின்கடத்தியாக மாற்ற வழியில்லையா?

வழி, சிப் தயாரிக்கும் ஆலைகளில் ஏற்கெனவே இருந்தது. சிலிக்கானுக்குள் போரானையும் பாஸ்பரஸையும் புகுத்த அங்கே ஓர் இயந்திரம் உண்டு. அது அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்து அயனியாக்கும். வெற்றிடத்தில் பல்லாயிரம் வோல்ட் கொடுத்து இலக்கின்மேல் பாய்ச்சும். 1982-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபாரஸ்ட், கப்லன், வெங்கடேசன் முதலியோர் கரிமப் படலங்களின்மேல் இப்படி அயனிகளைப் பாய்ச்சினார்கள். மின்தடை பல கோடி மடங்கு குறைந்தது.

உள்ளே என்ன நடக்கிறது? பாய்ந்துவரும் அயனி, வழியிலுள்ள மூலக்கூறுகளின் பிணைப்புகளை முறிக்கிறது. ஹைட்ரஜன் வாயுவாகப் பிரிந்து போய்விடும். மிஞ்சிய கார்பன் அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ள, மேற்பரப்பு கறுத்துக் கரியாகிறது. அந்தக் கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆனால் உலோகத்துக்கு ஈடாகாது.

இந்தக் குறையைத் தீர்த்தவர்கள் அப்போது ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ஆய்வாளர்கள். குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பால் மெரிடித், பென் பாவெல், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆடம் மிக்கோலிச் ஆகியோரின் குழு ‘பீக்’ என்ற பிளாஸ்டிக்கை எடுத்துக்கொண்டது. 340 டிகிரி செல்சியஸ் வரை உருகாத உறுதியான பிளாஸ்டிக் அது. அதன்மேல் வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்த உலோகப் பூச்சு, வெறும் 10 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனைப் பல ஆயிரம் கூறிட்டால் கிடைக்கும் ஒரு கூறு. அந்தப் பூச்சின்மேல் 50 ஆயிரம் எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள நைட்ரஜன் அயனிகளைப் பாய்ச்சினார்கள். அயனிகள் மோதிய வேகத்தில் உலோகம் பிளாஸ்டிக்கின் மேல்தோலுக்குள் கலந்தது. நுண்ணிய உலோகத் துகள்கள், அவற்றுக்கு இடையில் கரியான பிளாஸ்டிக்: இரண்டும் சேர்ந்து மின்சாரத்துக்குப் பாதை போட்டன. அதற்கு அடியில் உள்ள படலம் பழைய பிளாஸ்டிக்காகவே இருக்கிறது, வளைத்தால் வளையும்.

2006-இல் வந்த அவர்களுடைய கட்டுரை வியப்பான ஒன்றைச் சொன்னது. 3 கெல்வினுக்குக் கீழே, அதாவது சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸில், இந்தப் படலம் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாக மாறத் தொடங்கியது. மேலே ஒட்டியிருந்த மிச்சப் பூச்சு செய்த வேலையோ என்று யாரும் கேட்பார்கள். உள்ளே கலந்த துகள்களின் வலைப்பின்னல்தான் காரணம் என்பதற்கு வலுவான அறிகுறிகளையும் அவர்கள் காட்டியிருந்தார்கள்.

ஆனாலும் அத்தகைய குளிரில்தான் வேலை செய்யும் என்றால் அன்றாடத்துக்கு என்ன பயன்? எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறொன்று. செய்முறையை மாற்றி மாற்றி, படலத்தின் மின்தடையை ஆயிரம் கோடி மடங்கு வீச்சுக்குள் விரும்பிய அளவில் நிறுத்த முடிகிறது. மின்சாரமே புகாத காப்பான் வேண்டுமா, உலோகம்போலக் கடத்த வேண்டுமா, நடுவில் ஏதாவது வேண்டுமா, எல்லாம் ஒரே பிளாஸ்டிக்கில். 2011-இல் இதே குழு இந்தப் படலத்தால் ஒரு வெப்பமானி செய்து, தொழிற்சாலைகளில் தரஅளவாகக் கொள்ளும் பிளாட்டின மின்தடை வெப்பமானியோடு ஒப்பிட்டது. துல்லியத்தில் பிளாஸ்டிக் பின்தங்கவில்லை.