ஆகோளில் வீழ்ந்தவனுக்கு ஒரு கல்

போர்வீரர் நினைவுச்சின்னம் என்றதும் துப்பாக்கி பொறித்த தூண்தான் கண்ணில் நிற்கிறது. மாட்டுப்பட்டி மலைக்குக் கிழக்கே, தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்த நடுகற்கள் அதைவிட மிகப் பழையவை. எழுத்தமைதியைக் கொண்டு அவற்றைக் கி.மு. 3ஆம் நூற்றாண்டு அளவில் வைக்கிறார்கள். அவற்றுள் ஒன்றில் உருவம் ஏதுமில்லை, தமிழி எழுத்தில் சில சொற்கள் மட்டுமே. கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், மாண்ட தீயன் அந்தவனின் கல் இது என்கின்றன அவை. பல்லவர் காலச் செங்கம் நடுகற்கள் அரசனின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்கும். இங்கே அரசன் பெயரே இல்லை. வீரனை நினைவில் வைக்க ஊருக்கு அரசனின் அனுமதி தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

மாட்டுக்காக நடந்த சண்டையைப் போர் எனலாமா, அது களவல்லவா என்று கேட்கலாம். தொல்காப்பியமோ புறத்திணைகளை வெட்சியில், நிரை கவர்தலில்தான் தொடங்குகிறது. கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, வாழ்த்துவது வரையிலான படிகளையும் அங்கேயே சொல்கிறது. காரணம் எளிது. தமிழில் மாடு என்றால் செல்வம். நிரை போனால் பாலும் எருவும் உழவும் போயிற்று. 1963இல் இந்திய-சுவிஸ் கால்நடைத் திட்டம் தொடங்கிய, பெயரிலேயே பட்டியைச் சுமக்கும் மாட்டுப்பட்டியில் நிற்பவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அந்தவன் நிரை கவரப் போனவனா, மீட்கப் போனவனா? கல் அதைச் சொல்லவில்லை. பிற்கால நடுகற்களில் கவர்ந்து மாண்டவனுக்கும் கல் உண்டு, மீட்டு மாண்டவனுக்கும் உண்டு.